ஏழு மணிச் செய்தி வாசித்த ரண்சூர் ரோக்காவுக்கு, என்ன சொல்லி அழைப்பதென்று தெரியாமல் எழுதிய மடல்

மலையும் மஞ்சும் மறைத்த ஊர்களுக்கெல்லாம் மாலை ஏழு மணியானால் குரலாய் வந்து சேர்ந்தவரே, சீறி வந்தவரையும் சினக்காமல் உட்காரவைத்துச் வளையமாய்ப் பொரித்த செல் ரொட்டியும் தேநீரும் தந்து அனுப்பியவரே, சுடுசோற்றை ஊதி ஊதிப் பிள்ளைக்கு ஊட்டுவதுபோல் ஒவ்வொரு சொல்லையும் ஆறவைத்தே எங்களுக்குத் தந்தவரே, வணக்கம்.

பணி ஓய்வு பெறும் உங்களை இதற்கு மேல் என்னவென்று அழைப்பது என்பதில்தான் மேல்மலை வானொலி ஊழியர்களான எங்களுக்குள் பல நாளாகக் குழப்பம். ‘நடுநிலையின் நாயகரே’ என்று ஒருவர் எழுதினார். “நடு எதுன்னு அண்ணன் ஒருநாளும் சொன்னதில்லையே” என்று கணக்கர் லோகேந்திரன் தடுத்தார். ‘அஞ்சா நெஞ்சரே’ என்றோம். ஒலிப்பதிவு அறை மன்சரா சிரித்துவிட்டாள். “அவர் பயந்து நடுங்கினதை நான் பாத்திருக்கேன். நடுங்கிக்கிட்டேதான் வாசிச்சார்.” வானொலியில் குழந்தைகளுக்குக் கதை சொல்கிறவள் நான்; எப்படியாவது முடிப்பாள் என்று பேனாவை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். எனக்கும் முழுதாகத் தெரியவில்லை, ரண்சூர். தெரிந்ததைச் சொல்லிக்கொண்டு போகிறேன்.

போர் நடந்த ஆண்டுகளில் நம் குரலை இந்தப் பக்கம் ராணுவ முகாமும் அந்தப் பக்கம் காடும் ஒரே நேரத்தில் கேட்டுக்கொண்டிருந்தன. காட்டில் இருப்பவர்களைப் ‘பயங்கரவாதிகள்’ என்றே சொல்லவேண்டும் என்று முகாமிலிருந்து உத்தரவு. ‘மக்கள் வீரர்கள்’ என்று சொல்லாவிட்டால் ஒலிபரப்புக் கோபுரத்தைச் சாய்ப்போம் என்று காட்டிலிருந்து ஆள். நீங்கள் இரண்டுக்கும் தலையாட்டி, இரண்டையும் விட்டுவிட்டு, ‘ஆயுதம் ஏந்தியவர்கள்’ என்றீர்கள். அவர்களுக்கும் அதுதான், இவர்களுக்கும் அதுதான். நடந்ததை நாம் சொல்வோம், யார் எப்பேர்ப்பட்டவர் என்று கேட்கிறவர்கள் தீர்மானிக்கட்டும் என்பது உங்கள் விதி.

எத்தனை பெரிய விதி என்று நாங்கள் வியந்துகொண்டிருக்கும்போதே, ‘ஆயுதம் ஏந்தியவர்கள் மேல்பேட்டையை நோக்கி வருகிறார்கள்’ என்று ஒரு மாலை வாசித்தீர்கள். ராணுவம் வந்தால் நம் ஊர் இளவட்டங்கள் ஒளிய வேண்டும். காட்டுக்காரர் வந்தால், அவர்கள் கேட்ட கட்டாயச் சந்தாவைக் கொடுக்க மறுத்த ஹஸ்தமான் வாத்தியார் ஒளிய வேண்டும். வருவது யாரென்று விளங்காமல் எல்லோரும் ஒரே ஆட்டுப்பட்டிக்குள் போய்ப் புகுந்தார்கள்.

“நீ எதுக்குடா இங்க வந்தே?” என்றாராம் வாத்தியார்.

“நீங்க எதுக்கு சார் வந்தீங்க?”

“ரேடியோல சொன்னான்ல.”

“நானும் அதைக் கேட்டுத்தான் சார். கொஞ்சம் தள்ளி உக்காருங்க, ஆடு மிதிக்குது.”

வந்தது ராணுவம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் மறுநாள் வாத்தியார் நம் வாசலில் வந்து நின்றார். “வெள்ளம் வருதுன்னா எந்த ஆத்துலன்னு சொல்லணும்ல, ரண்சூரு? உன் யோக்கியத்துக்கு நான் புழுக்கை மேல படுத்துக் கிடந்தேன்.” அந்தச் சொல்லால் எல்லோரும் பிழைத்தார்களா, அந்தச் சொல்லையும் மீறிப் பிழைத்தார்களா என்று இன்றுவரை எங்களுக்குத் தெளியவில்லை. அன்று முதல் ‘முகாமிலிருந்து’, ‘காட்டிலிருந்து’ என்று வந்த இடத்தைச் சேர்த்துக்கொண்டீர்கள். அடைமொழியை மட்டும் சேர்க்கவேயில்லை.

அதன் பிறகு வந்த மாலையைச் சொல்லாமல் இந்த மடலை முடிக்க முடியாது. உங்களுக்கு இளையவராய்ப் பிறந்து, காட்டுக்குப் போன கஜமன் சுடப்பட்ட செய்தி வந்தது. வேறொருவரை வாசிக்கச் சொல்லுங்கள் என்று மன்சரா கெஞ்சினாள். நீங்களே உட்கார்ந்தீர்கள். ‘மேல்பேட்டையைச் சேர்ந்த கஜமன் ரோக்கா ஆற்றங்கரையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்.’ அடுத்து, விதை உருளைக்கிழங்கு வந்திறங்கிய செய்தி. குரல் ஒரே குரல். பயங்கரவாதி என்று சொல்லவில்லை என்று முகாம் கோபித்தது, தியாகி என்று சொல்லவில்லை என்று காடு கோபித்தது. உங்கள் அம்மா ஜௌமதி வானொலியை அணைத்தார். அதற்குப் பிறகு ஏழு மணிக்கு அது பாடாத வீடு இந்தக் கடைவீதியில் உங்கள் வீடு ஒன்றுதான்.

இந்த விழாவுக்கு அம்மாவை அழைக்கப் போனோம். அவர் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டார். “வர்றேன். ஆனா மடல்ல என் சின்னவனை என்னன்னு எழுதப் போறீங்க?”

“தியாகின்னு எழுதலாம்மா” என்றாள் மன்சரா.

“அப்போ போலீஸ்ல இருந்து செத்தாரே, என் மாமா? அவரு யாரு?” என்றார் லோகேந்திரன். “அவரைச் சுட்டது காட்டு ஆளுங்கதானே.”

“உங்க மாமாவை நான் ஒண்ணும் சொல்லலையே.”

“சொல்லாமலே சொல்லிட்டியே.”

உங்களோடு வேலை பார்த்த இருவரும் உங்கள் வீட்டு முற்றத்திலேயே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நான் ஒரு பிடி கீரையை எடுத்து ஆயத் தொடங்கினேன். அம்மாதான் முறத்தைக் கீழே வைத்தார்.

“சண்டை போடாதீங்க. அவன் நல்லவனா கெட்டவனான்னு நான் ரேடியோவக் கேக்கல. அன்னைக்குப் பெரியவன் யாரோ ஊர்க்காரன் செத்த மாதிரி வாசிச்சான். ரண்சூருக்கு அவன் என்ன வேணும்? அதை மட்டும் எழுதுங்க.”

அன்று நீங்கள் அதைச் சொல்லியிருந்தால் முகாம் நிலையத்தை மூடியிருக்குமோ, உங்களையே கொண்டுபோயிருக்குமோ, தெரியாது. வாசிக்கிறவருக்குச் செய்தியில் உறவு கிடையாது என்று எங்களுக்குச் சொல்லித் தந்தவரும் நீங்கள்தான். அது சரியென்றால் இப்போது நாங்கள் செய்வது பிழை. பிழையோ சரியோ, லோகேந்திரனும் மன்சராவும் சேர்ந்து கையெழுத்திட ஒத்துக்கொண்ட சொல் இது ஒன்றுதான். முதல் வரிசையில் அம்மா உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். ஆகவே முதலில் வைத்திருக்க வேண்டிய விளியை முடிவில் வைக்கிறோம்:

தம்பி கஜமனைப் பறிகொடுத்த அண்ணனே,

இனி ஏழு மணிக்கு வீட்டில் இருங்கள். தேநீரை ஆறுவதற்கு முன் குடியுங்கள். முழங்கால் நோகாமல் மலை ஏறி இறங்கி, அம்மாவோடு நெடுங்காலம் நலமாக வாழுங்கள். எங்கள் வரிகளில் பேனா படாமல் நீங்கள் ஒருநாளும் விட்டதில்லை. அதனால்தான் இந்த மடலைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கையில் தருகிறோம். இந்தச் சொல்லை அடிக்க முடியாது.

அன்பும் குழப்பமும் குறையாமல்,
மேல்மலை வானொலி ஊழியர்கள்