கடைசி ஆளின் விசில்

மலையேறப் போகிறவர்கள் காலையில் பூரி சாப்பிடக் கூடாது. எங்கள் குழுவில் பலமுறை சொல்லிவிட்டேன், யாரும் கேட்பதில்லை. இட்லி வயிற்றில் அடக்கமாக உட்கார்ந்துகொள்ளும். பூரி நம்மோடு சேர்ந்து மலையேறும், பாதி வழியில் இறங்க வேண்டும் என்று அடம்பிடிக்கும். ஸ்டேஷனில் நாற்காலி போட்டு, டீயும் வாங்கிக் கொடுத்த இன்ஸ்பெக்டரிடம் எடுத்த எடுப்பில் பெரிய விஷயத்தைப் பேசுவது மரியாதை இல்லை அம்மா, அதனால் இதிலிருந்து ஆரம்பித்தேன்.

என் பெயர் ஜெகபர் அலி. பேகம்பூரில் தோல் மண்டியில் வேலை பார்த்து ஓய்ந்தவன். மனைவி மவுத்தாகிப் பல வருஷம் ஆகிறது. மகன் ஷார்ஜாவில் இருக்கிறான். வெள்ளிக்கிழமை போன் செய்வான், என்னோடு பேசிக்கொண்டிருக்கும்போதே அங்கே வேறு யாருடனோ பேசுவான். என் தங்கச்சி மாப்பிள்ளை நைனா முகமது சென்ற மாதம் கன்னிவாடிக்கு மேலே மலையில் இறந்துபோனான். தனியாகக் குறுக்குப் பாதையில் போனவர் கால் தவறி விழுந்து இறந்தார் என்று நீங்கள் எழுதி முடித்துவிட்டீர்கள். அதில் ஒரு சின்னத் திருத்தம் இருக்கிறது.

கண்ணாடிக் கடை ஆனந்த்ராஜ் நடத்துகிற நடைக் குழு எங்களுடையது. கார்த்திகை பிறந்தால் தை முடியும்வரை ஞாயிற்றுக்கிழமைதோறும் மலை. திண்டுக்கல் வெயிலில் மற்ற மாதங்களில் யாரும் தெருமுனைக்கே நடக்க மாட்டார்கள். பனிக்காலத்தில் மட்டும் குரங்குக் குல்லா போட்டுக்கொண்டு எல்லோருக்கும் வீரம் வந்துவிடும். கன்னிவாடிப் பக்கம் பனி கொஞ்சம் கட்டியானது. ஒருமுறை ஆனந்த்ராஜ் தன் கைத்தடியைப் பனியில் குத்திவைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். திரும்பி வந்தபோது தடி விழாமல் அப்படியே நின்றது. அருகில் இன்னொருவர் மப்ளரையும் காயப் போட்டிருந்தார்.

இப்படிச் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள். தாலுகா ஆபீஸில் வேலை பார்க்கிற தமிழ்மதி என்ற பெண் போனில் வீடியோ பிடித்துக்கொள்வாள். "ஐயா, இன்னொரு தடவ சொல்லுங்க, சரியா ஏறல" என்பாள். திங்கள் முதல் சனி வரை நான் வாயைத் திறப்பது மாத்திரை போடுவதற்குத்தான். ஞாயிற்றுக்கிழமைதான் பேச.

குழுவில் எனக்கு ஒரு பொறுப்பும் உண்டு. முன்னால் ஆனந்த்ராஜ் போவார், கடைசி ஆளாக நான் வருவேன். எனக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது என்பது விதி. நாங்கள் தலை எண்ணுவதில்லை. பாதிப் பேர் பைக்கில் வருகிறவர்கள், சிலர் நடுவழியில் திரும்பிவிடுவார்கள், எண்ணிக்கை ஒருநாளும் நிற்காது. அதனால் விசில். மலையில் ஊதினால் ஆபத்து என்று அர்த்தம். அடிவாரத்தில் ஊதினால் மேலே யாரும் இல்லை, வேனை எடுக்கலாம் என்று அர்த்தம். கதை எவ்வளவு சொன்னாலும் விசிலில் நான் விளையாடியதில்லை. ஆனந்த்ராஜே புது ஆட்களிடம் சொல்வார்: "பாய் வாயில வர்ற எதையும் நம்பாதீங்க, விசில மட்டும் நம்புங்க."

என் தங்கச்சி இறந்த பிறகு நைனா வீட்டிலேயே அடைந்து கிடந்தான். வா மச்சான், நாலு மனிதரைப் பார்க்கலாம் என்று அவனைக் குழுவுக்குக் கூட்டிவந்ததே நான்தான். வந்தவன் பேச ஆரம்பித்தான்.

என்னுடைய கதைகளிலேயே பெரியது எருமைக் கதை. ஒரு மார்கழிக் காலையில் தனியாக மலைக்குப் போனேன். பனியில் கண் தெரியவில்லை, பாறையைத் தடவிக்கொண்டே நடந்தேன். பாறை வெதுவெதுப்பாக இருந்தது. பனிக்காலத்துக்கு நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டு வெகுதூரம் போனபின் பாறை திரும்பி என் முகத்தில் மூச்சு விட்டது. காட்டெருமை. தப்பாக நினைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு, வந்த வழியே அதைத் தடவிக்கொண்டே திரும்பி வந்தேன். இதைச் சொன்னால் டீ ஆறிப்போகும், யாரும் குடிக்க மாட்டார்கள்.

அன்றைக்கு நைனா டீயைக் குடித்துக்கொண்டே கேட்டான்.

"எந்த மார்கழி மச்சான்? மண்டியில கூரை மாத்துனோமே, அந்த வருசமா?"

"ஆமாம்."

"அந்த மார்கழி பூரா நீ மஞ்சக்காமாலையில படுத்துக் கெடந்தியே. நாந்தான தெனமும் கீழாநெல்லி அரைச்சு மோர்ல கலக்கிக் கொண்டாந்து குடுத்தேன். எருமைய எப்பப் போயித் தடவுன?"

ஆனந்த்ராஜ் சொன்னார், "எருமை நலம் விசாரிக்க வீட்டுக்கே வந்திருக்கும் பாய்."

மலையே அதிர்ந்தது. நானும் சிரித்தேன். தமிழ்மதி போனை அவன் பக்கம் திருப்பினாள். "நைனா ஐயா, வேற என்னல்லாம் அடிச்சு விட்டாருன்னு சொல்லுங்க."

அதற்குப் பிறகு அவள் போன் என் பக்கம் திரும்பவே இல்லை. மண்டியில் முப்பது வருஷம் எனக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தவன் அம்மா. எந்த நாளில் நான் எங்கே இருந்தேன் என்று எனக்கு மறந்தாலும் அவனுக்கு மறக்காது. நான் வாயைத் திறந்தால் எல்லோரும் என்னைப் பார்க்கவில்லை, அவனைப் பார்த்தார்கள். அவனுக்கு என்மேல் கோபமோ பொறாமையோ கிடையாது. நல்லவன். கெட்டவனாக இருந்திருந்தால் ஒதுங்கிக்கொண்டிருக்கலாம்.

பிறகு ஒரு ஞாயிறு ஆனந்த்ராஜ் என் தோளில் கை போட்டார். "பாய், அடுத்த வாரத்தோட விசில நைனா பாய்ட்ட குடுத்துருவோமா? ஒங்க முட்டி பாவம். நைனா பாய்தான் சொன்னாரு, மச்சான் ராத்திரியெல்லாம் தைலம் தேக்கிறார்னு." நல்ல யோசனை என்றேன். முட்டி வலித்தது உண்மை.

அந்தக் கடைசி வாரம் தூறல். காலையிலிருந்து வெயிலே வரவில்லை. மேலே போய், சாப்பிட்டு, எல்லோரும் இறங்க ஆரம்பித்தார்கள். நைனாவுக்குத் தோள் வலி, பையை என்னிடம் கொடுத்துவிட்டான். போனும் அதற்குள்தான். பேசிக்கொண்டே இருவரும் பின்தங்கிவிட்டோம். ஓடைக்குப் பக்கத்தில் குறுக்குப் பாதை பிரிகிற இடத்தில் அவன் ஒன்றுக்கு ஒதுங்கினான். கல் பாசி பிடித்திருந்தது, வழுக்கிப் பள்ளத்தில் விழுந்தான். நான் தள்ளவில்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும், செய்யாததைச் செய்ததாகச் சொல்வது எனக்குப் பிடிக்காது.

பள்ளம் பெரிய ஆழம் இல்லை. எட்டிப் பார்த்தால் முகம் தெரிந்தது. ஒரு கால் முட்டிக்குக் கீழே வேறு பக்கம் திரும்பியிருந்தது.

"மச்சான், காலு போச்சு. விசில ஊது. ஆனந்த வரச் சொல்லு."

விசிலை எடுத்தேன். ஊதுவதற்குத்தான் எடுத்தேன். அப்போது கேட்கத் தோன்றியது. பாறையில் உட்கார்ந்தேன்.

"அந்த எருமையைப் பத்தி இப்ப என்ன சொல்ற மச்சான்?"

"எந்த எருமை?"

"நான் தடவுன எருமை."

"ஏலே, வெளையாடாத. உசுரு போகுது."

செத்த நேரம் பொறு என்று சொல்லிவிட்டு, கதையை முதலிலிருந்து கடைசிவரை சொன்னேன். எதையும் விடவில்லை. பாறையின் வெதுவெதுப்பைச் சொல்லும்போது என் கையிலேயே அது தெரிந்தது. அவன் குறுக்கே பேசவில்லை. அவன் பல் அடித்துக்கொள்கிற சத்தம் மட்டும் வந்தது.

முடித்ததும் அவன் சொன்னான், "நெசம்தான் மச்சான். நீ தடவுனது நெசம்தான். நாந்தான் மறந்துட்டேன். காமாலை வந்தது அதுக்கு அடுத்த வருசம்."

நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிவிட்டது அம்மா. அவனை மன்னித்துவிட்டேன். எழுந்து விசிலை வாயில் வைத்தேன். அத்தோடு அவன் நிறுத்தியிருக்கலாம்.

"நானும்தான பாத்தேன் அந்த எருமைய," என்றான். "நெத்தியில வெள்ளப் பொட்டு இருக்கும்ல. கீழ வந்து எல்லார்ட்டயும் சொல்றேன் மச்சான், தூக்கிவிடச் சொல்லு."

என் எருமைக்குப் பொட்டு கிடையாது. என்றைக்கும் கிடையாது. விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு யோசித்தேன். இவனைத் தூக்கிக்கொண்டு கீழே போகிறோம். கட்டுப் போடுகிறார்கள். தை முடிவதற்குள் கோலூன்றி டீக்கடைக்கு வந்து உட்காருவான். பள்ளத்தில் விழுந்தவனிடம் எருமைக்கு சாட்சி கேட்ட மச்சானின் கதையைச் சொல்வான். ஒடிந்த காலோடு தான் ஒரு பொட்டு வைத்துப் பேரம் பேசியதையும் சொல்வான். தமிழ்மதி போனில் பிடிப்பாள். நான் சொன்ன எந்தக் கதையைவிடவும் அது நல்ல கதை. அதைக் காலத்துக்கும் அவன்தான் சொல்லிக்கொண்டிருப்பான், நான் பக்கத்தில் உட்கார்ந்து சிரிக்க வேண்டும்.

விசிலைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு இறங்கினேன்.

"பொட்டு இல்ல மச்சான், பொட்டு இல்ல," என்று பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தான். ஓடைச் சத்தம் அதிகமாகும்வரை கேட்டது.

அடிவாரத்தில் நின்று விசிலை ஊதினேன். நல்ல நீளமாகவே ஊதினேன். ஆனந்த்ராஜ் வேனிலிருந்து தலையை நீட்டி, நைனா பாய் எங்கே என்று கேட்டார். குறுக்குப் பாதையில் முன்னாடியே இறங்கிவிட்டான், தோட்டத்துக்காரர் ஒருவரின் பைக்கில் ஒட்டன்சத்திரம் போகிறானாம், சிநேகிதரைப் பார்க்க வேண்டுமாம், பையை என்னிடம் கொடுத்துவிட்டான் என்றேன்.

"போன் அடிச்சுப் பாக்கவா?" என்றாள் தமிழ்மதி.

"போனும் இதுக்குள்ளதாம்மா கெடக்கு."

"பாய்தான் விசில் ஊதிட்டாருல்ல, ஏறுங்க ஏறுங்க, குளிருது," என்றார் ஆனந்த்ராஜ். வேன் கிளம்பியது. வழியில் அந்தாக்ஷரி பாடினார்கள்.

அன்று மாலை பையைக் கொடுக்க நைனாவின் மகள் ஃபாயிஸா வீட்டுக்குப் போனேன். அப்போதும் நேரம் இருந்தது, அதை மறைக்கப் போவதில்லை. இஞ்சி தட்டி டீ போட்டுக் கொடுத்தாள்.

"ஒட்டன்சத்திரத்துல யாரு வீட்டுக்கு மாமு? அத்தா என்ட்ட ஒண்ணும் சொல்லலியே."

"வெங்காய மண்டிக்காரர்மா. பூனைக்கண்ணு. வீட்டுல ஒரு கிளி வளக்குறார், யார் வந்தாலும் ஸலாம் சொல்லும். கடன்காரன் வந்தா மட்டும் அவர் ஊர்ல இல்லைன்னு சொல்லும்."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். வெகு நாளைக்குப் பிறகு ஒரு ஆள் குறுக்கே பேசாமல் என் கதைக்குச் சிரித்தது அன்றுதான். "தூறல் நிக்கவே மாட்டேங்குது. அத்தா ஸ்வெட்டர் போட்டிருந்தாங்களா மாமு?" என்று கேட்டாள். போட்டிருந்தான் என்றேன். அது உண்மை. இன்னொரு டம்ளர் டீ குடித்துவிட்டு வந்தேன்.

மறுநாள் அந்தப் பிள்ளை ஒட்டன்சத்திரத்துக்கு பஸ் ஏறிப் போய், மண்டி மண்டியாக நுழைந்து, பூனைக்கண்ணும் கிளியும் உள்ளவரைத் தேடியிருக்கிறாள். சாயங்காலம்தான் ஆனந்த்ராஜுக்குச் சந்தேகம் தட்டியது. விடிந்ததும் எல்லோரும் மலையேறினோம். கடைசி ஆளாக நான்தான் போனேன்.

நைனா பள்ளத்தில் இல்லை. ஊர்ந்து மேலே வந்திருந்தான். நான் உட்கார்ந்து கதை சொன்ன பாறையில் சாய்ந்தபடி இருந்தான். எவ்வளவு நேரம் அங்கே இருந்தான் என்று டாக்டருக்கும் சொல்லத் தெரியவில்லை. கை விரல் நகங்கள் போயிருந்தன. ஸ்வெட்டர் ஈரமாக இருந்தது.

அடக்கம் முடிந்ததும் கபர்ஸ்தானிலேயே நான் ஆனந்த்ராஜிடம் சொல்லிவிட்டேன். எருமையையும் பொட்டையும் சேர்த்தே சொன்னேன். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கட்டிப்பிடித்து அழுதார். "இந்த நேரத்துலயுமா பாய் கதை? மனசுல வெச்சுப் புழுங்காதீங்க." ஃபாயிஸாவிடமும் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒங்கள நீங்களே வதைச்சுக்காதீங்க மாமு. அத்தா ஒங்க மேல உசுரையே வெச்சிருந்தாங்க," என்றாள். இப்போது தினமும் எனக்குச் சோறு அவள் வீட்டிலிருந்துதான் வருகிறது. மீன் இருந்தால் முள்ளெடுத்துக் கொடுத்துவிடுகிறாள். குழுவில் எல்லோரும் கூடிப் பேசி, விசில் என்னிடமே இருக்கட்டும் என்று முடிவு செய்துவிட்டார்கள்.

நீங்களும் பேனாவை மூடி வைத்துவிட்டீர்கள். வெளியே ஆனந்த்ராஜ் பைக்கோடு நிற்பது ஜன்னலில் தெரிகிறது. என்னைப் பற்றி முன்னாலேயே உங்களிடம் சொல்லியிருப்பார். நீங்கள் சிரிக்காமல் கேட்டதே பெரிய விஷயம்.

இதற்கு சாட்சி யார் என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. நான் எங்கே இருந்தேன், என்ன செய்தேன் என்று அச்சுப் பிசகாமல் சொல்லக்கூடியவன் நைனா ஒருவன்தான். அவனைக் கூட்டிவர முடியவில்லை என்பதைத் தவிர என் வாக்குமூலத்தில் வேறு குறை இல்லை. இருந்திருந்தால் இந்நேரம் இந்த நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றிருப்பான் அம்மா. நாலு பேர் முன்னால் என்னை அவன் ஒருநாளும் விட்டுக்கொடுத்ததில்லை.