கோயில் காளையின் வால்முடி

— டில்லிண்ணா, மொதல்ல அந்த மாட்டு வியாபாரிக்கு போன் பண்ணி வர வேணாம்னு சொல்லுங்க. சிவப்பிய விக்க வேண்டியதில்ல.

— இன்னா டாக்டரம்மா நீ. கடைசியா ரெண்டு கன்னு போட்டா, ரெண்டும் மூணு நாளு தாண்டல. மூணாவதயும் என் கையால பொதைக்கணுமா? பொன்ராஜு செங்குன்றத்துலேந்து வண்டி எடுத்துகினு கெளம்பிட்டான்.

— அஞ்சு நிமிஷம் கேளுங்க. ரெண்டு மாசம் முன்னாடி சிவப்பி வால்ல நாலு முடி வேரோட புடுங்கிட்டுப் போனேன்ல, மரபணு சோதனைக்கு. ரிசல்ட் வந்துடுச்சு.

— முடில இன்னா தெரியும்? எல்லாம் எம் பொண்டாட்டி அம்மு கால் வச்ச நேரம். அவ இந்த வூட்டுக்கு வந்தப்புறந்தான் ரெண்டு கன்னும் பூட்ச்சி. அத்த அவளாண்ட ஒரு வார்த்த சொன்னேன். பைய தூக்கிகினு மூலக்கொத்தளத்துக்கு அம்மா வூட்டுக்குப் பூட்டா. ஒன்ற மாசம் ஆவுது.

— அம்முக்காவுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லண்ணா. அந்த ரெண்டு கன்னுக்கும் அப்பன் யாரு?

— நம்ம கோயில் காளதான். எர்ணாவூர்ல பாதி மாட்டுக்கு அதான். சாமி மாடு சேந்தா நல்லதுன்னு நானே இட்டாந்து வுட்டேன்.

— அந்தக் காளைய கோயிலுக்கு விட்டது யாரு?

— நான்தான். எங்க நைனா காமாலைல படுத்துகினு இருந்தப்ப நேந்துகினு வுட்டேன். அஞ்சு வருசம் முன்ன. அப்ப அது கன்னுக்குட்டி.

— எந்த மாட்டோட கன்னு?

— சிவப்பியோட தலச்சன் கன்னு.

— ம். இன்னொரு தரம் சொல்லிப் பாருங்க.

— அய்யய்ய. பெத்தவளுக்கேவாம்மா? கோயிலுக்கு வுட்டப்புறம் அத்த சாமின்னுதான் கும்புட்டோம். யார் வூட்டுப் புள்ளன்னு எவன் நெனச்சான்?

— சிவப்பி ரத்தத்துல ஒரு கோளாறு ஒளிஞ்சிருக்கு. அவளுக்கு அது ஒண்ணும் பண்ணாது. அதே கோளாறு அந்தக் காளைகிட்டயும் இருக்கு. தாய் தகப்பன் ரெண்டு பேர்கிட்டேர்ந்தும் வந்து சேர்ந்துட்டா கன்னு பொழைக்காது. அவ்வளவுதான் விஷயம்.

— அப்ப இப்ப வயித்துல கீற கன்னு?

— அது நான் ஆடி மாசம் போட்ட சினை ஊசி. அம்முக்கா பிடிவாதமா நின்னு போடச் சொன்னது. அந்த ஊசிக் காளைய சோதிச்சுப் பாத்தாச்சு, அதுகிட்ட இந்தக் கோளாறு கெடையாது. இந்தக் கன்னுக்கு அந்த பயம் இல்ல.

— மெய்யாலுமா?

— மெய்யாத்தான்.

— இரு, குந்திக்கறேன். ரெண்டு வருசமா ஒழுங்கா தூங்கல தாயீ... அலோ, பொன்ராஜு? வண்டிய திருப்பிக்க மாமு. மாடு குடுக்கறதா இல்ல. அட, இல்லன்னா இல்லப்பா.

— இப்ப நிம்மதியா மூச்சு விடுங்க.

— வுட்டுகினுதான் கீறேன். ஆனா எந்த மூஞ்சிய வச்சிகினு அம்முவாண்ட போவேன்? நேந்து வுட்டது நானு, இட்டாந்து சேத்ததும் நானு. பழிய மட்டும் அவ தலைல போட்டுட்டேன். ஆமா, காளையாண்டயும் அது கீதுன்னு எப்படி சொல்ற? நீ அதோட முடிய எடுக்கலியே. அது ஆள கிட்டவே சேக்காதே.

— நான் எடுக்கல. சாத்தாங்காட்டுல இரும்பு லாரிங்களுக்கு நடுவுல அது படுத்திருந்தப்ப, ஒருத்தங்க அகத்திக்கீரைய தின்னக் குடுத்துட்டே புடுங்கியிருக்காங்க. மஞ்சத்தூள் கவர்ல போட்டுக் கொண்டுவந்து, நெத்தி வெள்ள சிவப்பி மாதிரியே இருக்கு, இதையும் சேர்த்து அனுப்புங்கன்னாங்க. மூலக்கொத்தளத்துலேர்ந்து பஸ் ஏறி வந்தாங்க.

— அம்முவா?

— வாசல்ல என் ஸ்கூட்டர்கிட்ட நிக்கறாங்க. சிவப்பிய விக்கலன்னு உங்க வாயால சொல்ற வரைக்கும் உள்ள வர மாட்டேன்னாங்க.

— அம்மு... ஏ அம்மு, உள்ள வா.

— எல்லாத்தயும் கேட்டுகினுதான் இருந்தேன். எந்தக் கால எடுத்து வச்சி உள்ள வரட்டும், நீயே சொல்லு.