இடது பக்கத்துக்கு இருபத்திரண்டு வயசு

...இல்ல தங்கச்சி, நீயே சொல்லு, இது ரெண்டும் ஒரே ஆளோடதுன்னு யாராச்சும் நம்புவாங்களா? பயப்படாத, கழட்டிக் காட்ட மாட்டேன். ஸ்வெட்டருக்கு மேலயே தெரியுதுல்ல?

எட்டு வருஷம் முன்னாடி புத்துநோய்னு இடது மார எடுத்துட்டு, உள்ள சிலிக்கான் பை வெச்சாங்க. மேல ஒல்லி, கீழ கனம்... அசலே தோத்துடும்! அது பழசாயிடுச்சு, மாத்தணும்னாங்க. போன நவம்பர்ல மாத்துனாங்க. இப்ப வர்றது வழவழன்னு உருண்டையாம். எனக்கு அறுபத்தொண்ணு, வலது பக்கத்துக்கும் அறுபத்தொண்ணு. இடது பக்கத்துக்கு மட்டும் இருபத்திரண்டு!

பொம்பளைங்க பொதுக் குளியல்கூடத்துல என் முதுகத் தேய்ச்சுக்கிட்டே சிநேகிதி போக்-சிம் கேக்குறா, "அடியே யூ-நாம், இதுல எதுடி உன்னோடது?" அங்க இருந்த அத்தன பேரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னாடி அழுதேன். மார எடுத்தப்பகூட அழல, பாத்துக்க.

வீட்டுக்காரரக் கேட்டா, "நல்லாத்தான இருக்கு"ங்கறாரு. கண்ணு பேஸ்பால் மேட்ச்சுல!

டாக்டர் இருக்காரே... அளந்து அளந்து பாத்துட்டு, "வலது பக்கத்தையும் கொஞ்சம் தூக்கி விடலாம்னு அப்பவே சொன்னேனேம்மா"ங்கறாரு. சொன்னாரு, சொன்னாரு. நல்லா இருக்கறத எதுக்கு அறுக்கணும்? நான்தான் வேணாம்னேன். அது ஒரு தப்பா?

படுத்தா இந்தப் புதுப் பை அக்குளுக்கு ஓடிடுது வேற. ஏன்னா... சரி, உங்கிட்ட சொல்றதுக்கென்ன. ஆறு வாரம் கையத் தூக்காத, கனம் எடுக்காத, கச்சைய அவுக்காதன்னாங்க. பன்னெண்டாம் நாளு, குளிர்காலம் முழுக்கத் திங்கற கிம்ச்சிய ஊறப் போட வேண்டி வந்துச்சு. எண்பது கோஸு! நாத்தனார் கையில விட்டா உப்புக் கடலாக்கிடுவா. கச்சை இறுக்குச்சு, அவுத்து வெச்சுட்டு தொட்டி தொட்டியாத் தூக்குனேன். சாயங்காலமே உள்ள என்னமோ நகந்துச்சு. டாக்டர்கிட்ட, "தும்முனேன்"னு சொல்லி வெச்சிருக்கேன்.

உனக்கும் பை மாத்தணுமா? மாத்திக்கம்மா, பயமே வேணாம், வலியே தெரியல. டாக்டர் சொல்றதக் கேளு, அவ்வளவுதான்.

எனக்கு உள்ள தையல் போட்டு இழுத்து வெச்சா சரியாயிடுமாம். தேதியும் குடுத்துட்டாங்க, நவம்பர் இருபது.

நவம்பர் இருபது! கோஸ் வந்து எறங்குற வாரம்! இவங்கல்லாம் கிம்ச்சியே திங்கறதில்லயா? தேதிய மாத்தச் சொல்லிச் சண்டை போடத்தான் காலையிலருந்து இந்த ஆஸ்பத்திரியில உக்காந்திருக்கேன். நீயே சொல்லு, நாயம்தான... ஏ தங்கச்சி? எங்க எந்திரிச்சிட்ட? உன்னை இன்னும் கூப்பிடவே இல்லயே!