விரல் தெரியோணும்

அவிநாசியிலிருந்து திருப்பூர் வரும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு தாயும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். மகள் கல்லூரி விடுதிக்குப் போகிறாள், அதற்கு முன் லேப்டாப் வாங்கக் கிளம்பியிருக்கிறார்கள் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"ரேம் எட்டு ஜிபி போதுங்மா. கேமராதான் நல்லா இருக்கோணும். விரல் தெளிவாத் தெரியோணும்."

"டிசைன் படிப்புக்குப் பதினாறு இல்லாட்டி முடியாதுன்னு காலேஜ்ல சொன்னாங்களே, கண்ணு."

"நம்ம பணத்துக்கு ரெண்டும் கெடைக்காதுங்மா."

"அப்பாகிட்டப் பேசறதுக்குப் போன் இருக்குதல்ல?"

"போனை ஒரு கையில புடிச்சுட்டு, இன்னொரு கையில மட்டும் அவர்கிட்ட எப்படிப் பேசறது?"

இரண்டு சீட் தள்ளிக் கம்பியைப் பிடித்து நின்றவரிடம் மகள் திரும்பி, கைகளால் ஏதோ கேட்டாள். அவர்தான் அப்பா, அவருக்குக் காது கேட்காது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர் சீட்டில் சாய்ந்து நின்று, கம்பியை விட்டுவிட்டு, இரு கைகளாலும் வெகுநேரம் பதில் சொன்னார். கூட்டம் மறைத்ததில் ஜன்னலோரம் இருந்த தாய்க்கு அது தெரியவில்லை.

"என்ன கண்ணு சொல்றாரு?"

மகள் அம்மா பக்கம் திரும்பினாள்.

"படிப்புக்கு வேணுங்கறதையே வாங்கச் சொல்றாருங்மா."

"அப்ப கேமரா?"

"மங்கலாத் தெரிஞ்சாலும் பரவால்லையாம். இனிமே மெதுவாக் கையசைச்சுப் பேசறாராம். எனக்குப் புரியற வரைக்கும் எத்தன தடவ வேணாலும் திருப்பிச் சொல்றாராம்."

பழைய பஸ் ஸ்டாண்டில் மூவரும் இறங்கினார்கள். மகள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கடைப் பக்கம் நடந்தாள்.