பாதம் ஊன்றிய எழுத்து யாருக்குச் சொந்தம்?

அவைக்குத் தலைமையேற்றிருக்கும் பெருமதிப்புக்குரிய கனகசபை ஐயா அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் முதியோரே! அடுப்படி வேலையை அரைகுறையில் விட்டுவிட்டு வந்திருக்கும் அருமைத் தாய்மாரே! கடலில் இருந்தும் கமத்து வயலில் இருந்தும் களைப்போடு வந்து நிற்கும் என் சகோதரரே! அனைவரையும் கைகூப்பி வணங்குகிறேன். வணக்கம் மட்டுமே அமைதியாக வரும். இனி வருவதெல்லாம் கோபம்!

இன்று எதற்காகக் கூடியிருக்கிறோம்? மனோகரி என்ற ஆசிரியை நமது சங்கத்திடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம்! சங்கத்தின் அச்சுக்கூடப் பொறுப்பாளர் ஆழ்வாப்பிள்ளை அவர்கள் தீர்மானம் கொண்டுவந்திருக்கிறார். அவள் செய்த குற்றம் என்ன? சொல்கிறேன், கேளுங்கள்.

இறுப்பிட்டிப் பள்ளிக்கூடத்தில் என்னோடு படிப்பிக்கும் சித்திர ஆசிரியை மனோகரி. கைவிளக்கு வெளிச்சத்தில் பாடம் படிக்கும் பிள்ளைகள் ‘ண’வையும் ‘ன’வையும் பிரித்தறியாமல் தடுமாறுவதைக் கண்டாள். தானே ஒரு புதிய அச்செழுத்து வரிசையை வரைந்தாள். இறங்கும் கோடு தடித்திருக்கும். வளையும் கோடு மெலிந்திருக்கும். முடியும் இடத்தில் சின்னஞ்சிறு பாதம் ஊன்றி நிற்கும். அந்தப் பாதம் அழகுக்கு மட்டுமா? இல்லை! வரி தவறாமல் கண்ணை அழைத்துச் செல்வதற்கு! சுழிக்குள்ளே வெள்ளை விட்டாள், மை அடைத்துக்கொள்ளாமல் இருப்பதற்கு! இந்தத் தீவுகளின் மக்கள் எல்லோரும் காசு சேர்த்துக் கைகொடுத்தோம். சென்னையில் ஈயத்தில் வார்ப்பித்து, கப்பலேற்றிக் கொண்டுவந்தோம்.

வந்த எழுத்து எங்கே போனது? வகுப்பறைக்கா? இல்லை! வாசிகசாலைக்கா? இல்லை! அலுமாரிக்குள் போனது, ஐயா! வசதியுள்ளவர் வீட்டுக் கலியாண அழைப்புக் காட்டுக்கும் பெரிய மனிதர் செத்தால் அடிக்கும் கல்வெட்டுப் புத்தகத்துக்கும் மட்டும் வெளியே வந்தது. பிள்ளைகளுக்காகப் பிறந்த எழுத்தைப் பிள்ளைகளே கண்டதில்லை!

போன மாரியில் சுருவில் ஊர்க் குருசுமுத்து கடலுக்குப் போனார். வள்ளம் வந்தது, ஆள் வரவில்லை. உடலும் கரை சேரவில்லை. சேமக்காலையில் அவருக்குக் குழியில்லை, பெயர் எழுதச் சிலுவையில்லை. முப்பத்தோராம் நாள் பூசைக்கு ஒரு நினைவு மட்டை அடிக்க அவர் மனைவி செபஸ்தியம்மா நமது அச்சுக்கூடத்துக்கு வந்தார். கலியாணக் காட்டில் கண்ட அந்த வடிவான எழுத்தைக் கேட்டார்.

பொறுப்பாளர் என்ன சொன்னார்?

“அது விசேசங்களுக்கு வைச்சிருக்கிற எழுத்து. எல்லாத்துக்கும் எடுத்தால் தேய்ஞ்சுபோம். உங்கடை ஆக்களுக்குப் பழைய எழுத்தே காணும்.”

அந்தத் தாய் சொன்னார்: “ஐயா, அவரின்ரை பேர் ஒருக்காத்தான் அச்சிலை வரப்போகுது. அதாவது வடிவாய் வரட்டும்.”

கல்லும் கரையுமே! இவர் கரையவில்லை!

யார் அது, பின்னால் இருந்து குரல் கொடுப்பது? எழுத்துத் தேயும்தானே என்கிறீர்களா? தேயட்டும், தம்பி! தேயாத எழுத்து வாசிக்கப்படாத எழுத்து!

செபஸ்தியம்மா அழுதபடி மனோகரியிடம் போனார். மனோகரி நேரே அச்சுக்கூடத்துக்கு வந்தாள். நானும் கூடப் போனேன்.

“கீறினது நீர்தான், ரீச்சர். ஆனால் எழுத்து சங்கத்தின்ரை,” என்றார் பொறுப்பாளர்.

“ஓம், சங்கத்தின்ரைதான். சங்கம் ஆரின்ரை?” என்றாள் மனோகரி.

பொறுப்பாளர் அலுமாரியை இழுத்துப் பூட்டினார்!

மனோகரி வீட்டுக்குப் போய்ப் பேனையை எடுத்தாள். அதே எழுத்தை, அதே தடிப்பும் மெலிவுமாக, அதே பாதங்களோடு, ஒவ்வொரு மட்டையிலும் தன் கையால் எழுதினாள். விரல் வீங்கியது, விடவில்லை. பூசையன்று கோயிலில் இருந்த எல்லோர் கையிலும் குருசுமுத்துவின் பெயர் இருந்தது. செபஸ்தியம்மா ஒன்றை எடுத்து, அந்தப் பெயரின் மேல் விரலை வைத்து மெல்லத் தடவினார். அழவில்லை.

இதுதான் குற்றமாம்! சங்கத்தின் எழுத்தைச் சங்கத்தைக் கேளாமல் எழுதிய குற்றமாம்! ஒரு பெண் தன் கையால் எழுதுவதற்கும் அனுமதி வேண்டுமாம்!

அந்தப் பூசைக்கு வந்திருந்த அன்னபூரணம் அம்மாவை நீங்கள் அறிவீர்கள். காணியும் பூமியும் உள்ள குடும்பம். அவர் மகளின் கலியாணக் காட்டு அப்போது அச்சில் இருந்தது. கோயிலில் இருந்து நேரே போய்ச் சொன்னார்: “ஆழ்வாப்பிள்ளை, என்ரை பிள்ளையின்ரை காட்டை நிப்பாட்டும். செத்த மனிசனுக்குக் குடுக்காத எழுத்திலை எனக்குக் கலியாணம் சொல்ல ஏலாது.”

கைதட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள்! ஆனால் கைதட்டினால் மட்டும் பூட்டுத் திறக்காது. தலைவர் அவர்களே, மன்னிப்புத் தீர்மானத்தைத் தள்ளிவிட்டு என் தீர்மானத்தை அவைமுன் வைக்கிறேன்: இந்த எழுத்து எல்லோருக்கும் பொது, முதலில் அச்சேறுவது பிள்ளைகளின் பாலபாடம்!

ஊரடங்குக்கு முன் வீடு சேர வேண்டும், இப்போதே கேட்டுவிடுகிறேன். தலைவர் தலையசைக்கிறார். ஆதரிப்பவர்கள் கை உயர்த்துங்கள்!

அம்மம்மா! எத்தனை கைகள்! மண் படிந்த கை, வலை இழுத்துக் காய்த்த கை, வளையல் அணிந்த கை! எதிர்ப்பவர்கள்? ஒரு கையும் இல்லை. ஆழ்வாப்பிள்ளை அண்ணை, உங்கள் கையும் மடியில்தான் இருக்கிறது, அதற்கு நன்றி.

பொறுமையோடு கேட்ட தலைவருக்கும், போர்க்குணத்தோடு வந்த தாய்மாருக்கும், என் கோபத்தைத் தாங்கிய சபைக்கும் நன்றி. நாளை காலை அச்சுக்கூடம் திறக்கும். யார் வந்தாலும் முதலில் உட்காரக் கதிரை போடுங்கள். பிறகு கேளுங்கள்: “எந்த எழுத்து வேணும்?”

வணக்கம்!