புதியவர்களுக்கான முதல் பக்கம்

எங்கள் வீட்டில் காலைக் காப்பி போடுவது நான்தான். சியாமளாவைக் கல்யாணம் செய்து புனேயில் கட்கிக்கு அழைத்து வந்த நாளிலிருந்து அப்படித்தான். ராகவேந்திரா, நம் மின்னஞ்சல் மடற்குழுவைக் கவனித்துக்கொள்கிறவர் என்ற முறையில் நீங்கள் விளக்கம் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தைப் படித்தால் நான் ஏதோ மனைவியைக் கொடுமைப்படுத்துகிறவன் என்று தோன்றும். அதனால்தான் காப்பியைச் சொன்னேன்.

நம் கருவியை நான் எழுத ஆரம்பித்தது 2001இல். சிதறிக் கிடக்கும் நிரல்களைச் சேர்த்து, ஓடுகிற மென்பொருளாகக் கட்டித் தரும். இலவசம், யாரும் திருத்தம் அனுப்பலாம், ஏற்பதும் தள்ளுவதும் என் பொறுப்பு. புதியவர்களுக்கு அதைப் பயன்படுத்தச் சொல்லித்தரும் முதல் பக்கத்தையும் நானே எழுதினேன்.

கோயம்புத்தூரில் சியாமளாவும் நிரல் எழுதிக்கொண்டிருந்தவள்தான். எனக்காக வேலையை விட்டாள். பையன் பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் மறுபடி வேலை தேடினாள். இங்கே பக்கத்தில் பாணேரில் ஒரு கம்பெனியில், இத்தனை வருட இடைவெளிக்குப் பிறகு உங்கள் பெயரில் ஏதாவது புதிய வேலையைக் காட்டுங்கள், பார்க்கலாம் என்றார்களாம். உடனே நம் கருவியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அன்று மாலை சப்பாத்தி தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

"ஏனுங்க, அந்த முதல் பக்கத்துல மூணாவது வரியிலயே 'வழக்கம்போல் அமைத்துக்கொள்ளவும்'னு எழுதியிருக்கீங்களே. புதுசா வர்றவங்களுக்கு ஏதுங்க வழக்கம்?"

அவள் சொன்னது சரி. சரியாக இருந்ததுதான் உறுத்தியது. அந்தப் பக்கத்தைப் படித்துத் திணறுகிறவர்கள் எனக்கு எழுதிக் கேட்பார்கள். நான் பதில் போடுவேன், அவர்கள் நன்றி சொல்வார்கள். அலுவலகத்தில் எனக்கு நன்றி சொல்ல ஒரு ஆள் கிடையாது.

சியாமளா பக்கத்தை முதலிலிருந்து எழுதினாள். ஒவ்வொரு படியிலும் திரையில் என்ன வரும், வராவிட்டால் எங்கே பார்க்க வேண்டும், எல்லாம் இருந்தது. எனக்குப் பொறாமையாக இருந்தது, மறைக்கவில்லை. மனைவி எழுதியதை நானே ஏற்பது முறையல்ல, கனடாவில் ஜான் என்று ஒருவர் புதிதாகச் சேர்ந்திருக்கிறார், அவர் பார்க்கட்டும் என்றேன். அவளுக்கும் அது நியாயமாகவே பட்டது.

நீளம் என்றார் ஜான். குறைத்து அனுப்பினாள். இப்போது போதவில்லை என்றார். பையனைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, குளித்தும் குளிக்காமலும் உட்கார்ந்து மறுபடி எழுதினாள். கடைசியில் வந்த பதில் இது: "அடிப்படையே தெரியாதவர்கள் பிறருக்குச் சொல்லித்தர வரக் கூடாது."

அவள் அழுதாள். நான் காப்பி கலந்து கொடுத்தேன். அந்த ஆளுக்கு மனசாட்சியே இல்லை என்று திட்டினேன். உண்மையாகவே வருத்தமாக இருந்தது.

"எனக்கு மூளை துருப்பிடிச்சுப் போச்சுங்க" என்றாள். பாணேர் கம்பெனிக்கு அதன்பிறகு அவள் போகவில்லை.

நீங்கள் கண்டுபிடித்தது சரிதான். ஜானின் கடிதங்கள் எல்லாம் எங்கள் வீட்டு இணைப்பிலிருந்து வந்தவை. ஜான் என்று யாரும் இல்லை. அவள் கூடத்தில் பதிலுக்காகக் காத்திருப்பாள், நான் உள்ளறையில் உட்கார்ந்து அதை எழுதிக்கொண்டிருப்பேன். அவசரப்பட்டு எழுதியதில்லை. எந்த வார்த்தை அவளுக்கு அதிகம் வலிக்கும் என்று எனக்குத்தானே தெரியும்.

போன மாதம் வந்த புதிய பதிப்பில் அவளுடைய பக்கத்தைத்தான் சேர்த்தேன், ஒரு வரி மாற்றாமல். நல்ல எழுத்து வீணாகப் போகக் கூடாது. என் பெயரில் வெளியிட்டேன். பல ஊர்களிலிருந்தும் பாராட்டி எழுதினார்கள், நீங்களும் எழுதினீர்கள்.

சியாமளா அதைத் திரையில் கடைசிவரை படித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஜான் இதுக்கு ஒண்ணுமே சொல்லலைங்களா?"

அவருக்குப் பிடித்திருந்தது என்றேன். அவள் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. கோபம் இருந்தால் கேட்டிருப்பாள்.

இப்போது பையனோடு கோயம்புத்தூரில் இருக்கிறாள். விடுமுறைக்குத்தான். பையனின் பள்ளியில் டி.சி. வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள், அங்கே எதற்காவது தேவைப்பட்டிருக்கும்.