மானியக் குட்டை

இந்த நாற்காலி ஆடுகிறது ஐயா. ஒரு காலுக்கடியில் அட்டையை மடித்து வைத்தால் நின்றுவிடும். பரவாயில்லை, போகும்போது நானே வைத்துவிட்டுப் போகிறேன்.

தம்பியைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். நல்லவன். எனக்கும் அவனுக்கும் நடுவே ஒரே வரப்பு. அப்பா போன பிறகு சீட்டுக் குலுக்கிப் போட்டோம். மேட்டு நிலம் எனக்கு, பள்ளத்து நிலம் அவனுக்கு. சீட்டை எடுத்தது என் கைதான். அதில் குறையொன்றும் இல்லை.

ஊரில் அவனைக் கொடுத்து வைத்தவன் என்பார்கள். கொடுத்ததெல்லாம் அரசாங்கம், வைத்துக்கொண்டதுதான் அவன். சொட்டுநீர்க் குழாய்க்கு மானியம் வந்தது, அவனுக்கு. மருந்து தெளிக்கும் இயந்திரம், அதுவும் அவனுக்கே. பண்ணைக் குட்டைக்கு நானும்தான் மனுப் போட்டேன். உங்கள் நிலம் மேடு, குட்டைக்கு ஆகாது என்று விவசாய அலுவலர் சொல்லிவிட்டார்.

அன்றைக்கே தம்பி வீட்டுக்கு வந்தான். "அதுக்கென்னண்ணே, என் குட்டையில எடுத்துக்கோ. ஒரு குழாய உன் பக்கம் திருப்பி விட்டுர்றேன்."

சொன்னபடி செய்தான். இரண்டு கோடை என் பயிர் அவன் தண்ணீரில்தான் பிழைத்தது. சோறு போடும்போதெல்லாம் என் மனைவி, "உங்க தம்பி புண்ணியம்" என்பாள். அந்தச் சோறு எனக்குத் தொண்டையில் இறங்காது. கொடுக்கிறவனுக்கு அது தெரியுமா, சொல்லுங்கள்.

அந்த மாதிரிக் குட்டையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். உள்ளே கறுப்புப் பிளாஸ்டிக் தாள் விரித்திருக்கும். பாசி படிந்தால் எண்ணெய் தடவியதுபோல் வழுக்கும். நீச்சல் தெரிந்தவனும் ஏற முடியாது. பிடிக்க ஒன்றும் இருக்காது. அதனால் கரையில் முளையடித்து, முடிச்சுப் போட்ட கயிறு தொங்கவிட வேண்டும் என்பது விதி. கயிறு இல்லையென்றால், இரண்டு வருடமாய் இழுத்துக்கொண்டிருந்த மானியத்தின் கடைசித் தவணை கிடையாது. அலுவலர் பார்வையிட வருகிற அன்று காலையில் அதை அவிழ்த்தேன். ஒரு தவணையாவது அவனுக்கு நிற்கட்டும் என்பதைத் தவிர வேறு எண்ணம் இல்லை.

நான் கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு அந்தக் கரைக்குப் போவதற்குள் அவன் இந்தக் கரைக்கு வந்துவிட்டான். வருகிறவர் கண்ணுக்குக் குட்டை சுத்தமாகத் தெரிய வேண்டுமென்று சருகை அள்ளக் குனிந்தான். சறுக்கி உள்ளே போனான். நான் சுற்றிக்கொண்டு வந்து நின்றேன்.

என்னைப் பார்த்ததும் அவன் முகம் தெளிந்துவிட்டது ஐயா. "நல்லவேள, நீ இருக்கே," என்றான். "கயித்தப் போடுண்ணே."

எறிவதற்கு வாகாகத்தான் நின்றிருந்தேன். ஆனால் அவன் என்னிடம் ஒன்று கேட்டது அதுதான் முதல் தடவை. அதைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருக்கலாம் போலிருந்தது. திரும்பத் திரும்பக் கேட்டான். பிறகு கேட்கவில்லை. கயிற்றைப் பழையபடி முளையில் கட்டிவிட்டு வீட்டுக்குப் போய்க் குளித்தேன்.

எல்லாரும் விபத்து என்றார்கள். நீங்களும் ஸ்டேஷனில் அப்படித்தான் வழக்கு எழுதினீர்கள். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் பேசாமல்தான் இருந்திருப்பேன்.

நேற்று அலுவலர் தம்பி வீட்டுக்கு வந்தார். விவசாயி விபத்தில் செத்தால் குடும்பத்துக்கு அரசாங்கம் உதவித்தொகை கொடுக்குமாம். நான் அதுவரை கேள்விப்படாத பெரிய தொகை. தம்பி மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். என்னைப் பார்த்து, "அவர் போயும் நம்மள விட்டுடல மாமா. இதுல உங்களுக்கும் ஒரு பங்கு உண்டு," என்றாள்.

செத்த பிறகும் அவனுக்குத்தான் வருகிறது. செத்த பிறகும் அவன்தான் எனக்குக் கொடுக்கிறான்.

அதனால் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. அது விபத்து இல்லை, நான்தான் கொன்றேன். விபத்து இல்லையென்றால் அந்தத் தொகை நின்றுவிடும் என்று அலுவலரிடம் விசாரித்துக்கொண்டுதான் வந்திருக்கிறேன். பொறாமை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அரசாங்கப் பணம் தகுதியில்லாத இடத்துக்குப் போவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, அவ்வளவுதான்.